வீட்டுக்கு ஸ்நூக்கர் டேபிள் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து ரூமை அளந்துடுங்க

வீட்ல ஸ்நூக்கர் டேபிள் போடணும்னு ஆசை வந்த உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை ராத்திரி உக்காந்து டேபிள் போட்டோவா பாத்துட்டு இருக்கறது. நானும் அதைத்தான் பண்ணேன். பச்சைத் துணி, தேக்கு கலர் கால், மேல வரிசையா லைட்டு, பாத்தாலே கை அரிக்கும். ஆனா இதுல பாதிப் பேரு மாட்டிக்கறது டேபிள்ல இல்ல, ரூம்ல. டேபிளை கடைசியா பாருங்க, முதல்ல ரூம், அப்புறம் தரை, அப்புறம்தான் டேபிள். இந்த ஆர்டரை மாத்தினா என்ன ஆகும்னு என் கதையே இருக்கு, கீழ சொல்றேன்.

முதல்ல ஃபுல் சைஸ் டேபிள்னா என்னனு தெரிஞ்சுக்கலாம். 12 அடி டேபிள்னு வாயால சொல்றோம், உண்மையான ஆடற இடம், அதாவது ஒரு குஷன்ல (ஓரத்துல பால் பட்டுத் திரும்பற ரப்பர் திண்டு) இருந்து எதிர் குஷன் வரைக்கும், 11 அடி 8½ இன்ச் நீளம், 5 அடி 10 இன்ச் அகலம். அதுக்கு வெளிய மரச்சட்டம் வேற ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும். ஏன் இவ்ளோ பெருசுன்னு கேட்டா, இது ஸ்நூக்கருக்குன்னு செஞ்ச டேபிளே கிடையாது, இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் டேபிள். 1875ல ஜபல்பூர்ல பிரிட்டிஷ் ராணுவ ஆபிசருங்க பில்லியர்ட்ஸ் டேபிள்ல கலர் பாலைக் கூட்டி ஆடிப் பாத்ததுலதான் ஸ்நூக்கரே பொறந்துச்சுன்னு சொல்வாங்க, டேபிள் சைஸ் அப்படியே தங்கிடுச்சு. அவங்களுக்கு மெஸ் ஹால் இருந்துச்சு, நமக்கு இருக்கறது ஒரு பெட்ரூம், அதுலயும் ஒரு மூலைல பீரோ.

சரி, ரூம் கணக்கு. இதை மட்டும் பொறுமையா படிங்க, மத்ததெல்லாம் வேகமா ஓட்டினாலும் பரவால்ல. சாதாரண ஸ்டிக் 58 இன்ச், அதாவது 4 அடி 10 இன்ச். வொயிட் பால் (ஸ்டிக்கால நேரா அடிக்கறது இதை மட்டும்தான்) குஷனை ஒட்டி நிக்கும்போது நீங்க அடிக்கணும்னா ஸ்டிக் கிட்டத்தட்ட முழுசா டேபிளுக்கு வெளிய இருக்கும், அதுக்கு மேல பின்னாடி இழுக்க ஒரு 6 இன்ச்சாவது வேணும். ஆக குஷன்ல இருந்து சுவர் வரைக்கும் 5 அடி 4 இன்ச், நாலு பக்கமும். ரெண்டு பக்கம் சேத்தா 10 அடி 8 இன்ச். ஃபுல் சைஸுக்கு இதைக் கூட்டினா ரூம் 22 அடி 4½ இன்ச்சுக்கு 16 அடி 6 இன்ச் வேணும். இது கேட்டு "அய்யோ அப்ப சின்ன டேபிள் வாங்கிக்கறேன்"னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொன்னேன், அங்கதான் ஒரு கண்ணி இருக்கு. டேபிள் சுருங்கும், ஸ்டிக் சுருங்காது. 6 அடி டேபிள் எடுத்துக்கோங்க, ஆடற இடம் சுமாரா 5 அடி 6 இன்ச்சுக்கு 2 அடி 9 இன்ச் இருக்கும்னு வைங்க. அதே 10 அடி 8 இன்ச்சைக் கூட்டினா ரூம் 16 அடி 2 இன்ச்சுக்கு 13 அடி 5 இன்ச் வருது! டேபிள் பாதியாயிடுச்சு, ரூம் அகலத்துல வெறும் 3 அடிதான் குறைஞ்சிருக்கு. 8 அடி டேபிளுக்கு (ஆடற இடம் 7 அடி 4 இன்ச்சுக்கு 3 அடி 8 இன்ச்னு எடுத்துக்கிட்டா) 18 அடிக்கு 14 அடி 4 இன்ச்.

அதனால 12 அடி அகல ரூம்ல 6 அடி டேபிள் தாராளமா உக்காரும், ஆனா தாராளமா ஆட முடியாது. உக்கார்றது வேற ஆடறது வேற.

இதுக்கு ஒரு வழி குட்டை ஸ்டிக். ரூல்படி ஸ்டிக் 3 அடிக்கு குறையக்கூடாது, அவ்ளோதான், அதனால 48 இன்ச் ஸ்டிக் வெச்சு ஆடினா யாரும் கேக்க முடியாது. 48 இன்ச்னா பக்கத்துக்கு 4 அடி 6 இன்ச் போதும், அதே 8 அடி டேபிள் 16 அடி 4 இன்ச்சுக்கு 12 அடி 8 இன்ச் ரூம்ல அடங்கிடும். சின்னப் பசங்களுக்கு குட்டை ஸ்டிக் நல்லாவே இருக்கும். பெரியவங்க ஏதோ ஒரு மூலைக்கு மட்டும் குட்டை ஸ்டிக் எடுக்கறதுன்னா ஓகே, நாலு பக்கமும் அதே நிலைமைன்னா ரெண்டு மாசத்துல சலிச்சுப் போயிடும், சொல்லி வெக்கறேன்.

கணக்குல நம்பிக்கை வரலைன்னா இப்படிப் பண்ணுங்க, நான் ரெண்டாவது தடவை இப்படித்தான் பண்ணேன். கடைக்காரர்கிட்ட ஆடற இடத்தோட அளவு மட்டும் கேளுங்க (8 அடின்னு ஒருத்தர் வெளிச்சட்டத்தோட சேத்து சொல்வாரு, இன்னொருத்தர் உள்ள மட்டும் சொல்வாரு, அதனால இன்ச்ல கேளுங்க). அந்த அளவுக்கு பழைய பேப்பரை தரையில விரிச்சு டேப் போட்டு ஒட்டிடுங்க. துடைப்பத்தோட நீளக் கம்பைக் கழட்டி, இல்ல யார்கிட்டயாவது ஒரு ஸ்டிக் கடன் வாங்கி, பேப்பர் ஓரத்துல முனையை வெச்சுட்டு பின்னாடி இழுத்துப் பாருங்க. நாலு மூலை, ரெண்டு நடுப் பக்கம், எல்லாத்துலயும். எனக்கு மூணு இடம் ஓகே ஆச்சு, நாலாவதுல முழங்கை நேரா சுவிட்ச் போர்டுல போய் இடிச்சுது. பேப்பரை ஒரு அடி தள்ளி ஒட்டினேன், இப்ப எதிர்ப்பக்கம் ஜன்னல் கம்பில முட்டுது. இதெல்லாம் பேப்பர்ல தெரிஞ்சா சிரிச்சுட்டு போயிடலாம், டேபிள் இறங்கினதுக்கு அப்புறம் தெரிஞ்சா சிரிப்பு வராது. கதவு உள்பக்கமா திறக்குதா, தூண் எதுவும் துருத்திக்கிட்டு இருக்கா, அதையும் இப்பவே பாத்துடுங்க.

அடுத்தது தரை. நல்ல டேபிள் எல்லாம் ஸ்லேட் கல் மேலதான் துணி போர்த்தி இருக்கும், கல்லுன்னா எடை. ஃபுல் சைஸ்ல 5 பாளம், ஒவ்வொண்ணும் ஒன்றரை இன்ச்சுக்கு மேல தடிமன், ஒவ்வொரு பாளத்தைத் தூக்கவே நாலு பேரு வேணும். மொத்த டேபிள் ஒரு டன்னைத் தாண்டி ஒன்றரை டன் பக்கம் போகும். 8 கால் மேல நிக்குது, 1,400 கிலோன்னு வெச்சுக்கிட்டா ஒரு காலுக்கு 175 கிலோ, ஒரு சின்ன காலடி மேல. தரைத்தளத்துல காங்கிரீட் தரைன்னா கவலை இல்ல. மாடின்னா கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க, "பாத்துக்கலாம்"னு விடற விஷயம் இல்ல இது. 8 அடி ஒரே கல்லு டேபிளும் லேசு கிடையாது, ஒரு இன்ச் தடிமன் கல்லு மட்டுமே கிட்டத்தட்ட 200 கிலோ வரும். அது மாடிப்படி திருப்பத்துல திரும்புமா, லிஃப்ட்ல நுழையுமான்னு முன்னாடியே அளந்துடுங்க. பெரிய டேபிள் பாளம் பாளமா வர்றதால மேல ஏத்திடலாம், நடுத்தர சைஸ் ஒரே கல்லுதான் வாசல்ல நின்னுடும். யாரும் எதிர்பாக்காத இடம் இது.

இப்ப என் கதை. நான் முதல்ல வாங்கினது எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச) பலகை போட்ட, கால் மடக்கற 6 அடி டேபிள். லேசு, சுவர்ல சாச்சு வெக்கலாம், ரூம் பிரச்சனை தீந்துச்சுன்னு நெனச்சேன். முதல் மூணு மாசம் சொர்க்கம். அப்புறம் மழைக்காலம் வந்துச்சு, பலகை ஈரத்தைக் குடிச்சு நடுவுல லேசா தொய்ஞ்சுது, கண்ணுக்குத் தெரியாது, ஆனா பாலுக்குத் தெரியும். மெதுவா விட்ட ஒவ்வொரு பாலும் ஏதோ கூப்பிட்ட மாதிரி நடுப் பாக்கெட் பக்கம் திரும்பிப் போகும். எங்க மாமா பையன் அதைக் கண்டுபிடிச்சு அதுக்குன்னே ஷாட் அடிச்சு என்னைத் தொடர்ந்து ஜெயிச்சான், அது தனிக் கடுப்பு. காலுக்கு அடியில அட்டை வெச்சுப் பாத்தேன், கால் லெவல் ஆகும், தொய்வு எப்படி லெவல் ஆகும். கல்லுக்கு இந்த வியாதி கிடையாது, ஈரத்துக்கு வளையாது, அதனாலதான் நூறு வருஷப் பழைய டேபிள்லயும் கல்லு அப்படியே நல்லா இருக்கும்.

எம்டிஎஃப் வாங்கவே கூடாதான்னா, அப்படி இல்ல. பசங்க விளையாட, லீவுக்கு லீவு எடுத்துப் போட்டு மடக்கி வெக்க, அதுக்கு அது போதும். ஒழுங்கா ஆடக் கத்துக்கணும், பிராக்டிஸ் பண்ணணும்னா கல்லுதான். என்னைக் கேட்டா ரூமை நெருக்கிப் போட்ட பெரிய டேபிளை விட கை வீச இடம் இருக்கற சின்ன ஸ்லேட் டேபிள் பத்து மடங்கு மேல். ஃபுல் சைஸ்தான் கௌரவம்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும், அவங்க வந்து உங்க வீட்டு சுவத்துல முழங்கை இடிச்சுக்கப் போறதில்ல.

இன்னொரு குழப்பம், பூல் டேபிளை வாங்கி ஸ்நூக்கர் பால் போட்டு ஆடலாம்னு சொல்வாங்க. ஆடலாம், ஆனா அது ஸ்நூக்கர் ஆகாது. ஸ்நூக்கர் பால் 52.5 மி.மீ., அமெரிக்கன் பூல் பால் 57 மி.மீ.க்கு மேல. அந்தப் பெரிய பாலுக்கு வெட்டின பாக்கெட்ல ஸ்நூக்கர் பால் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலும் விழும். அதை விட முக்கியம் பாக்கெட் வாய். அமெரிக்கன் பூல்ல குஷன் முனை நேரா வெட்டி இருக்கும், ஸ்நூக்கர்ல வளைஞ்சு உள்ள போகும், அதனால கொஞ்சம் தப்பா வர்ற பால் அந்த வளைவுல பட்டுத் தள்ளாடி வெளிய வந்துடும். ஸ்நூக்கரோட மொத்தக் கஷ்டமும் அந்த வளைவுலதான் இருக்கு. அதனால வீட்டுக்கு வாங்கும்போது பாக்கெட் வாயை விரலால தடவிப் பாருங்க, மூலை கூர்மையா இருந்தா அது பூல் டேபிளுக்கு ஸ்நூக்கர் வேஷம் போட்டிருக்கு.

சின்ன டேபிளுக்கு சின்ன பால் வரும், 8 அடிக்கு பெரும்பாலும் 48 மி.மீ. பக்கம், 6 அடிக்கு 38 மி.மீ. பக்கம். 10 சிவப்பு பால் மட்டும் உள்ள செட்டும் கிடைக்கும், டேபிள் சின்னதுன்னா அதான் சரி, 15 சிவப்பு போட்டா கூட்ட நெரிசல். (10 சிவப்புல மேக்சிமம் பிரேக், அதாவது ஒரே டர்ன்ல எடுக்கற அதிகபட்ச பாயிண்ட், 107, 15ல 147, அதனால 147 கனவு இருக்கறவங்க பெரிய டேபிளுக்கு சேத்து வைக்க ஆரம்பிங்க.) டேபிளோட வந்த சைஸை விட்டுட்டு "கிளப்ல இருக்கற மாதிரி பெரிய பால்" மாத்திப் போடாதீங்க, பாக்கெட் அந்தச் சின்ன பாலுக்குத்தான் வெட்டி இருக்கு. பழைய பால் செட் கிடைச்சா சமையல்கட்டு எடை மெஷின்ல ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க, ஒரு செட்டுக்குள்ள 3 கிராமுக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாதுங்கறது ரூல். வொயிட் பாலைக் குறிப்பா பாருங்க, எல்லா ஷாட்லயும் அடி வாங்கறது அதுதான், அதுதான் முதல்ல தேயும்.

டேபிளை நேர்ல பாக்கப் போகும்போது கையோட ஒரு நல்ல ஸ்டிக் எடுத்துட்டுப் போங்க, கடை ஸ்டிக்கை நம்பாதீங்க. முதல் டெஸ்ட்: (ஸ்பாட்னா கலர் பாலை வெக்க துணில குறிச்சிருக்கற புள்ளி) பிரவுன் ஸ்பாட்ல இருந்து ப்ளூ, பிங்க், பிளாக் ஸ்பாட் மேல நேர்கோட்டுல வொயிட்டை நடுவுல தட்டி எதிர் குஷனுக்கு அனுப்புங்க, திரும்பி அதே கோட்டுல உங்க ஸ்டிக் முனைக்கே வரணும். எப்பவும் ஒரே பக்கமா விலகி வந்தா குஷன்லயோ லெவல்லயோ கோளாறு, ரெண்டு பக்கமும் மாறி மாறி விலகினா கோளாறு உங்க கையில, கவலைப்படாதீங்க. ரெண்டாவது, சாகற வேகத்துல உருட்டறது. வேகமா போற பால் எந்தக் கோளாறையும் காட்டாது, நிக்கப் போற கடைசி ரெண்டு அடிலதான் உண்மையைச் சொல்லும். நீள வாக்குல, ரெண்டு ஓரத்துலயும், நடுவுலயும் உருட்டிப் பாருங்க. குறுக்கு வாக்குல உருட்டும்போது மட்டும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, ஸ்நூக்கர் துணிக்கு பூனை முதுகு மாதிரி ஒரு பக்கமா படிஞ்ச ரோமம் உண்டு, குறுக்கால கோடு போட்ட பக்கத்துல (பிரவுன் ஸ்பாட் இருக்கற பக்கம்) இருந்து பிளாக் ஸ்பாட் பக்கமா அது படிஞ்சிருக்கும், அதனால குறுக்கா மெதுவா போற பால் கொஞ்சம் பிளாக் பக்கம் சாயறது டேபிள் தப்பு கிடையாது. இது தெரியாம நல்ல டேபிளை வேணாம்னு சொல்லிட்டு வந்தவங்க இருக்காங்க.

மூணாவது குஷன். பாலை ஓங்கி நீளவாக்குல அடிச்சா உயிரோட இருக்கற டேபிள்ல நாலு நீளமாவது ஓடணும். அப்புறம் சுத்தி வந்து ஒவ்வொரு குஷன்லயும் அடிச்சு சத்தம் கேளுங்க, எல்லாம் ஒரே மாதிரி "டப்"னு இருக்கணும், எங்கயாவது செத்த சத்தம் வந்தா ரப்பர் கெட்டிப்பட்டுடுச்சு இல்ல ஒட்டு விட்டுடுச்சு. கடைசியா கல்லு சேர்ற இடம். உள்ளங்கையை விரிச்சு துணி மேல நீளவாக்குல மெதுவா தடவிட்டே போங்க, ஜாயிண்ட் கையில தட்டக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும்.

பழைய டேபிள் நல்ல ஐடியாதான், மூடற கிளப்புல இருந்து அருமையான ஸ்லேட் டேபிள் கிடைக்கும், கல்லுக்கு வயசு கிடையாதே. ஆனா டேபிள் விலையை மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க, கழட்ட ஆள், வண்டி, மறுபடி பூட்ட ஆள், அப்புறம் துணி. ஒரு தடவை உரிச்ச துணி மறுபடி சரியா இழுத்துக் கட்ட வராது, புதுத் துணின்னே கணக்கு போட்டுக்கோங்க. குஷன் ரப்பரும் போயிருந்தா அதுவும் சேரும். எல்லாம் கூட்டிட்டு அப்புறம் சீப்பா இல்லையான்னு பாருங்க. ஒவ்வொரு பாளத்தையும் கழட்டும்போது அடியில நம்பர் எழுத சொல்லுங்க, ஆர்டர் மாறிச்சுன்னா ஓட்டைக்கு ஓட்டை சேராம அவங்களும் நீங்களும் முழிக்கணும்.

சாப்பாட்டு மேசையாவும் ஆகற டேபிளைப் பத்தி நிறைய பேரு கேக்கறாங்க. ஸ்நூக்கர் டேபிள் உயரம் தரைல இருந்து குஷன் மேல் வரைக்கும் 33½ல இருந்து 34½ இன்ச், சாப்பாட்டு மேசை 30 இன்ச் பக்கம். அதனால ஏத்தி இறக்கற அமைப்பு இல்லாத டேபிள்னா, ஒண்ணு குனிஞ்சு குனிஞ்சு ஆடணும் இல்ல எம்பி எம்பி சாப்பிடணும். ஏத்தி இறக்கற அமைப்பு இருந்தா ஒவ்வொரு தடவை ஏத்தினதுக்கு அப்புறமும் லெவல் பாக்கணும். மேல பலகை மூடி சாம்பார் சிந்தினாலும் துணில படாம இருக்குமான்னு அதையும் பாத்துக்கோங்க, கம்பளித் துணி, கறை போகாது.

லைட்டு பத்தி சின்னதா. நடு சீலிங்ல ஒரே பல்பு இருந்தா ஒவ்வொரு பாலுக்கும் ஒரு பக்கம் நிழல் விழும், ஓரத்தை சரியா பாக்க முடியாது. டேபிள் நீளத்துக்கு வரிசையா, துணில இருந்து சுமார் 3 அடி உயரத்துல தொங்கற லைட்டு போடுங்க, கீழ இருந்தா தலை இடிக்கும், மேல போனா கண்ணு கூசும். ஃபேன் எங்க இருக்குன்னும் பாத்துட்டு ஒயரிங் பண்ணுங்க, ஃபேன் இறக்கை நிழல் துணி மேல சுத்திட்டே இருந்தா ஆடவே முடியாது.

துணி விஷயத்துல டேபிளை விட பராமரிப்பு முக்கியம். பிரஷ் போடறது எப்பவும் கோடு பக்கத்துல இருந்து பிளாக் பக்கம், ஒரே திசை, முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது. பிரஷ் போட்டதுக்கு அப்புறம்தான் இஸ்திரி, அதே திசைல, மிதமான சூடு, நிறுத்தாம ஓட்டணும், குஷன் பக்கமே கொண்டு போகக்கூடாது. ஈரமான ரூம்ல துணி கனமாகி பால் மெதுவா போகும், அதனால பெரிய போட்டிகள்ல கல்லுக்கு அடியில ஹீட்டரே வெச்சிருப்பாங்க. நமக்கு அதெல்லாம் வேணாம், மூடி போட்டு வைங்க, ஜன்னல் ஓரம் வெயில் நேரா படற இடத்துல டேபிள் போடாதீங்க.

புதுத் துணி போடும்போது கோடு எங்க வரையணும்னு பூட்ட வர்றவரே தடுமாறுவாரு சில சமயம், சின்ன டேபிள்ல. கணக்கு ரொம்ப சுலபம். ஃபுல் சைஸ்ல கோடு குஷன்ல இருந்து 29 இன்ச், அது சுமாரா நீளத்துல ஐந்துல ஒரு பங்கு, அந்தக் கோட்டை ஒட்டி வர்ற அரைவட்டத்தோட ஆரம் 11½ இன்ச், அது சுமாரா அகலத்துல ஆறுல ஒரு பங்கு, பிளாக் ஸ்பாட் மேல் குஷன்ல (பிளாக் பக்கத்து குஷன்) இருந்து நீளத்துல பதினொண்ணுல ஒரு பங்கு. ப்ளூ நட்ட நடு. பிங்க், ப்ளூவுக்கும் மேல் குஷனுக்கும் சரிபாதி. உங்க டேபிள் அளவை வெச்சு வகுத்து பேப்பர்ல எழுதி கையில குடுத்துடுங்க.

கடைசியா பூட்டறவரைப் பத்தி. நல்ல டேபிளை மோசமா பூட்டினா மோசமான டேபிள்தான். எனக்கு வந்த அண்ணன் கல்லுக்கு அடியில சீட்டுக்கட்டு அட்டை தடிமனுக்கு சின்னச் சின்னத் துண்டா வெச்சு, லெவல் பாத்து, எடுத்து, மறுபடி வெச்சு, அரை நாள் துணியையே தொடலை. நான் நடுவுல போய் கல்லு மேல கையை ஊனி நின்னேன், "தம்பி, கையை எடுங்க, குமிழி ஓடுது பாருங்க"ன்னாரு. பாத்தா லெவல் மட்டத்துல குமிழி நிஜமாவே நகர்ந்திருந்துச்சு. அவ்ளோ நுணுக்கம். கெளம்பும்போது, மரமும் தரையும் எடையை வாங்கி அமர ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்கப்புறம் ஒரு தடவை வந்து லெவல் பாத்துட்டுப் போறேன்னாரு, வந்தாரு, ஒரு கால் நிஜமாவே லேசா இறங்கி இருந்துச்சு. அதனால காசு பேசும்போதே அந்த ரெண்டாவது விசிட்டையும் சேத்து பில்லுல எழுதி வாங்கிடுங்க.